எதற்கும் இருக்கட்டும்

அண்ணியின் பயிற்சி அறையில் பெரியவர்கள் உட்காரும் உயரத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. எல்லாம் முழங்கால் உயரம்தான். பிள்ளையைக் கூட்டி வரும் அப்பாவும் அம்மாவும் அந்தக் குட்டி நாற்காலிகளில்தான், முழங்கால் முகவாயில் இடிக்க, ஒடுங்கி உட்கார வேண்டும். யாராவது முகம் சுளித்தால், "உசரத்துல உட்கார்ந்தா உபதேசம்தான் வரும். கீழ உட்காருங்க, பேச்சு வரும்" என்பாள்.

அவள் பேச்சுப் பயிற்சியாளர். பேச வேண்டிய வயதில் பேசாத குழந்தைகள், வார்த்தை திக்கும் குழந்தைகள், பேசினாலும் வீட்டாரைத் தவிர யாருக்கும் புரியாத குழந்தைகள் என்று நாள் முழுவதும் வருவார்கள். ஊதுவதற்கு இறகும் சோப்பு நுரையும், உறிஞ்சுவதற்கு வளைந்தும் நெளிந்தும் இருக்கும் ஸ்ட்ராக்களும், நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளச் சுவர் நிறையக் கண்ணாடியும் அந்த அறையில் உண்டு. வெளியறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு கணினி. அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டவன் அவள் கொழுந்தன்.

பகலில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பான், எச்சில் பட்ட பொம்மைகளைத் துடைத்து வைப்பான். சாயங்காலம் கணினி வகுப்புக்குப் போவான். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன்தான். ஆனால் செய்து முடித்த பிறகு, செய்தோமா என்று அவனுக்கே நம்பிக்கை வராது. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்குவான். பாதியில் திரும்பி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். "இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேன் அண்ணி" என்று அவன் சொல்லிச் சொல்லி, கடைசியில் அண்ணி அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டாள். "நம்ம இன்னொருதரம் எங்க?" என்று அவள் கேட்டால், பேச்சு வராத பிள்ளைகள்கூட அவனைக் கை காட்டும்.

கணினி பழையது. கடையிலிருந்து வரும்போது அதில் இருந்த இயங்குதளத்தைச் சுமக்க முடியாமல் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் சேர்ந்த புதிதில் அவன்தான் அதைத் துடைத்துவிட்டு, எடை குறைந்த லினக்ஸைப் போட்டான். அது எழுந்து ஓட ஆரம்பித்ததும் அண்ணி வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதையே பேசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு பக்கம் கூச்சம், இன்னொரு பக்கம் வயிறு குளிர்ந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் கடைசிப் பிள்ளை போனதும், அவன் கணினி முன்னால் உட்கார்ந்து அப்டேட் போடுவான். ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

லினக்ஸில் ஒரு செயலியைப் புதுப்பித்தால், புதியது இணையத்திலிருந்து ஒரு பொட்டலமாக வந்து இறங்கும். கணினி பொட்டலத்தைப் பிரித்து உள்ளே இருப்பதை அந்தந்த இடத்தில் வைக்கும். அதற்குப் பிறகு பொட்டலத்துக்கு வேலை இல்லை. அதைக் கணினியே தூக்கிப் போட்டுவிடும். ஆனால் ஆரம்பத்திலேயே அவனுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. புதிதாக வந்தது சரியில்லாமல் போனால்? பழையதைத் திரும்பப் போடலாம் என்றால், அந்த நேரம் பார்த்து இணையமும் இல்லாமல் போனால்? அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தான்: இறங்கிய பொட்டலங்களை அழிக்காதே. எதற்கும் இருக்கட்டும். அந்த வரி சரியாக விழுந்திருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. பிறகு அதை மறந்துவிட்டான். சரிபார்த்த விஷயங்களை மட்டும்தான் அவனால் மறக்க முடியும்.

அண்ணி வைத்திருந்தது வேறு. ஒவ்வொரு பிள்ளையும் வந்த முதல் நாளை அவள் வீடியோ எடுத்து வைப்பாள். பிள்ளையோடு தினமும் இருக்கிறவர்களுக்குப் பிள்ளை வளர்வது கண்ணில் படாது. சில மாதம் போனதும் "ஒண்ணும் முன்னேற்றம் இல்லையே" என்று சோர்ந்துபோய் நிறுத்திவிடப் பார்ப்பார்கள். அப்போது அண்ணி வாதாட மாட்டாள். வெளியறைக்குக் கூட்டிப் போய் முதல் நாள் வீடியோவைப் போட்டுக் காட்டுவாள். பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் படங்கள் அந்தக் கணினியை விட்டு வெளியே போகாது என்று அவள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் வேறெங்கும் பிரதி இல்லை.

ஒரு நாள் பிற்பகல், ஒரு புதுப் பையனின் முதல் பதிவு பாதியில் நின்றுபோனது. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி.

"என்னப்பா ஆச்சு?" என்று அண்ணி உள்ளறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"இடம் தீந்துபோச்சு அண்ணி. டிஸ்க் நிரம்பிடுச்சு."

"எதால?"

"வேற எதால? வீடியோதான். ஒவ்வொண்ணும் எவ்வளவு பெரிசு."

எதையும் இன்னொரு தரம் பார்க்கிறவன், அதை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. கணினியில் பெரிதாக இருப்பது வீடியோதான் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

"உன் சாமான் ஏதாவது கிடக்கான்னு பாரேன்."

"என் சாமான் என்ன அண்ணி இருக்கு? நான் ஒரு பாட்டுகூட வெச்சுக்கிறதில்ல."

"தனியா ஒரு டிஸ்க் வாங்கிச் சேத்துடலாம்னு சொன்னியே, அது?"

"எது நல்லதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள இந்தப் பிள்ளைங்க எல்லாம் பேரன் பேத்தி எடுத்துடும்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, பழைய வீடியோக்களில் சிலதை அழித்துவிடலாம் என்றான். அண்ணிக்கு மனசே இல்லை. இது இன்னதற்கு வேண்டும், அது இன்னதற்கு வேண்டும் என்று இழுத்தாள். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "யாரும் பாக்காததை வெச்சிருந்து என்ன பண்ணப் போறோம்? எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் சேத்து வெச்சா எப்படி அண்ணி?" என்றான். அதைச் சொன்னபோது அவன் குரலில் வகுப்பில் படித்தவனின் மிடுக்கு இருந்தது. அவனுக்கே அது காதில் விழுந்தது, நன்றாகத்தான் இருந்தது.

அண்ணி அந்தச் சனிக்கிழமை மதியம் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பையன் திரைக்குள்ளிருந்து கேமராவை நோக்கிக் கை ஆட்டினான். அவளும் தன்னை அறியாமல் கையை ஆட்டினாள். பயிற்சி முடிந்து போய்விட்ட பிள்ளைகளுடையதை முதலில் எடுத்தாள். அது போதவில்லை என்று அவன் சொன்னதும், இப்போது வந்துகொண்டிருக்கிற பிள்ளைகளில் நன்றாகத் தேறி வந்த சிலரைத் தேர்ந்தாள். அதில் குருவியும் ஒருத்தி. ஐந்து வயது. இரைந்து பேசமாட்டாள், கீச்சென்று இரண்டு வார்த்தை சொல்வாள். அதனால் அண்ணி வைத்த பெயர்.

"இவ நல்லா வந்துட்டா. இவ அம்மாவுக்கு இனிமே ஒண்ணும் காட்டத் தேவையில்ல" என்று சொல்லி அதையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினாள்.

குப்பைத்தொட்டியைக் காலி செய்தது அவன். "நிச்சயமா அண்ணி?" என்று கேட்டான். மறுபடியும் கேட்டான்.

"நீ இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா நான் அழுதுடுவேன். அழுத்து."

அழுத்தினான். இடம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்து அப்டேட், கிடைத்த இடத்தில் மளமளவென்று இறங்கியது. நல்லபடியாக முடிந்தது என்று அவன் திருப்தியாக வகுப்புக்குப் போனான்.

அடுத்த வாரம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். உங்கள் கணினியில் எந்த ஃபோல்டர் அதிக இடம் பிடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். அவனுக்கு விடை தெரியும். பேருந்தில் வரும்போதே மனசுக்குள் நாலு வரியையும் எழுதிவிட்டான். மறுநாள் காலையில், முறைக்காக, கமாண்டைக் கொடுத்து எண்டரைத் தட்டினான்.

வீடியோக்கள் இரண்டாவதாக நின்றன. அவற்றுக்கு மேலே, எட்ட முடியாத உயரத்தில், வேறொன்று நின்றது. கணினி பொட்டலங்களை இறக்கி வைக்கும் இடம்.

திறந்து பார்த்தான். ஒரே உலாவியின் பொட்டலம், பழையது, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று திரை திரையாக ஓடியது. அவன் ஒரு தடவைகூடத் திறக்காத செயலிகள். அவனுக்குப் படிக்கத் தெரியாத மொழிகளின் எழுத்துருக்கள். தவறாமல் அப்டேட் போட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே வந்து படுத்திருந்தது. அண்ணி அழித்த வீடியோக்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அதில் பாதி வராது. அமைப்புக் கோப்பைத் திறந்தான். அவன் சேர்த்த வரி, சரிபார்த்தபடியே, ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது.

அவன் காது மடல்கள் கொதித்தன. உள்ளறையில் அண்ணி ஒரு பிள்ளைக்கு இறகை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஃபூ, ஃபூ என்று சத்தம் வந்தது. அவன் திரையைக் கையால் மறைத்துக்கொண்டான். யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் மறைத்தான்.

பொட்டலங்களைக் காலி செய்ய ஒரே ஒரு கமாண்ட் போதும். கொடுத்தான். அது நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு நொடியில் கணினியில் காலி இடம் மைதானமாக விரிந்தது.

அழிந்த வீடியோக்களைத் தோண்டி எடுக்க முடியுமா என்று அன்று முழுக்கத் தேடிப் படித்தான். அழித்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காராமல் இருந்தால் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. அவனுடைய அப்டேட் அன்றே வந்து உட்கார்ந்துவிட்டதே. ஆனாலும் வகுப்புத் தோழன் ஒருவனிடம் ஒரு பென்டிரைவ் இரவல் வாங்கி வந்து, மீட்பு மென்பொருள் ஒன்றை அதிலிருந்து ஓடவிட்டான். டிஸ்க்கைச் சல்லடை போட்டுச் சலித்து அது கொண்டுவந்து குவித்ததெல்லாம் பொட்டலங்கள். காலையில் அவன் அழித்த அதே பொட்டலங்கள், பத்திரமாக, உடையாமல். வீடியோ என்று சில துண்டுகள் கிடைத்தன. ஒன்றும் திறக்கவில்லை. அவன் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியத்தை அமைத்தான், கலைத்தான், மறுபடி அமைத்தான். அதற்குள் ஒரு பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்தாள். அண்ணி அவளிடம், "எங்க இன்னொருதரம் என்ன மாயம் பண்ணானோ தெரியல, கம்ப்யூட்டர்ல எடம் தாராளமா ஆயிடுச்சு. அந்த ஆளை வெச்சிருக்கிறது எனக்கு யானை பலம்" என்றாள்.

அந்த அம்மா அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அவன், "சும்மா கொஞ்சம் சுத்தம் பண்ணேன்" என்றான். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. துடைத்த பொம்மைகளையே எடுத்து மறுபடி துடைத்தான்.

அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. முதலில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அதை மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு என்று தள்ளினான். நாளை வந்தது, வேறு வேலையும் வந்தது. சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அண்ணி அவனிடம் சாதாரணமாகச் சிரித்துப் பேசினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

குருவியைக் கூட்டி வருவது எப்போதும் அவள் அம்மா. அம்மாவுக்குப் பகல் வேலை அமைந்துவிட்டதால், அதற்கடுத்த வாரம் அப்பா வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் சாவிக் கொத்து, தோளில் கருவிப் பை, சட்டை முழங்கையில் கிரீஸ். பயிற்சி முடியும்வரை வெளியறையில் நின்றுகொண்டே இருந்தார். முடிந்ததும் உள்ளே வந்து, குட்டி நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இதோட நிறுத்திக்கிறோம்."

"ஏன் சார்?"

"தப்பா நினைக்காதீங்க. நான் லிஃப்ட் பாக்கிறவன். லிஃப்ட்ல ஏறினா எந்த மாடியில இருக்கோம்னு விளக்கு எரியும். இங்க ஏறினதுலேர்ந்து ஒரு விளக்கும் எரியலையே. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு இவளைவிட ஒரு வயசு கம்மி. அது வாய் மூடுறதில்ல. இவ இன்னும் ரெண்டு வார்த்தையிலேயே நிக்கறா. அவ அம்மாவும் இனிமே வர முடியாது, நான் வேலையை விட்டுட்டு ஓடி வர வேண்டியிருக்கு. நடுவுல எவனாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்னா அவன் என்னைத்தான் திட்டுவான்."

குருவி கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னு நீங்க பாக்கணும் சார்" என்றாள் அண்ணி. "ஒரு நிமிஷம் வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன்."

பழக்க தோஷம். வெளியறைக்கு வந்து, ஃபோல்டரைத் திறந்து, மேலும் கீழும் நகர்த்தித் தேடினாள். மவுஸ் நின்றது. அவனுக்கு அந்த நொடி நன்றாகத் தெரிந்தது. பொம்மை துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடி அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அடடா" என்றாள் அண்ணி. பிறகு அவரைப் பார்த்து, "முத நாள் இவ எப்படி இருந்தான்னு ஒரு வீடியோ வெச்சிருந்தேன் சார். நான்தான் அழிச்சுட்டேன். எடம் இல்லைன்னு. என் தப்பு" என்றாள்.

"இல்ல" என்றான் அவன். குரல் கீச்சிட்டது. "தப்பு அண்ணியோடது இல்ல. என்னோடது. கம்ப்யூட்டர்ல பேக்கேஜ்னு ஒண்ணு இறங்கும் சார். அதைக் கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுடும். நான் அழிக்காதேன்னு ஒரு வரி போட்டு வெச்சிருந்தேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னு... அதுதான் எடத்தை அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. வீடியோ இல்ல. அதைப் பாக்காம நான் அண்ணியை வீடியோவை அழிக்கச் சொல்லிட்டேன். அழிச்சது அனாவசியம். ஒண்ணைக்கூட அழிச்சிருக்க வேண்டாம்."

லிஃப்ட் மெக்கானிக் அவனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கதை எனக்கு எதுக்கு? படம் இருக்கா இல்லையா?"

"இல்ல."

"அவ்வளவுதானே. அதைச் சொல்லு."

அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை. கணக்குப் போடுகிறவள் போல மெதுவாகக் கேட்டாள். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"போன வாரம்."

"அந்த அம்மாகிட்ட நான் உன்னைப் பத்திப் பெருமையா சொன்னேனே. அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவன் துணியை மடித்தான், பிரித்தான். "முன்னாடி."

அண்ணி தலையை ஒரு முறை அசைத்தாள். அவ்வளவுதான். அவன் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்து வைத்திருந்தான். திட்டுவாள், அழுவாள், அண்ணனிடம் சொல்வாள் என்று. தலையை மட்டும் அசைப்பாள் என்று நினைக்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றும் நினைத்திருந்தான். இறங்கவில்லை. யாருக்கும் தேவைப்படாத ஒன்றை நடுவீட்டில் கொட்டிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"வாம்மா, கிளம்பலாம்" என்று அப்பா உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார்." அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு கேமராவை வெச்சது நீதான். முழுக்க உள்ள இருந்தது நீதான். படம்தான் இல்ல, நீ இருக்கல்ல? சார்கிட்ட சொல்லு. எப்படி இருந்தா?"

அவன் அவர்களோடு உள்ளறைக்குள் வந்து, ஸ்ட்ராக்கள் பரப்பியிருந்த பிள்ளைகளின் குட்டி மேசை முன்னால் நின்றான். "பாப்பா அன்னிக்கு... இந்த மேசைக்கு அடியில..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போதுதானே தன் வாயாலேயே தான் எப்படிப்பட்டவன் என்று சொல்லி முடித்திருக்கிறான். வாயைத் திறந்தான், மூடினான். பிள்ளைகளுக்கு வார்த்தை வரவழைக்கும் அந்த அறையில், சுவர் நிறைந்த கண்ணாடியில், வார்த்தை வராமல் நிற்கும் தன்னையே பார்த்தான்.

சட்டென்று கீழே முழங்காலிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தான்.

முழங்கால் உயர மேசை. அவன் முதுகு இடித்து மேசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஸ்ட்ராக்கள் எல்லாம் உருண்டு தரையில் சிதறின. அவன் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான்.

"இப்படித்தான் சார்" என்றான் சுவரைப் பார்த்தே. "வந்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் இப்படியே. அண்ணி தரையில உட்கார்ந்து குமிழி ஊதினாங்க, திரும்பலை. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, திரும்பலை. ஒரு சத்தம் வரலை. கையை நீட்டினாங்க, கடிச்சுட்டா. அண்ணி அப்புறமும் நகராம அங்கேயே உட்கார்ந்திருந்தாங்க. போகும்போதுதான் ஒரே ஒரு தரம் திரும்பிப் பாத்தா."

"என்ன தம்பி இது, எந்திரி" என்றார் அவர். அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அப்போது குருவி கண்ணாடியை விட்டு வந்தாள். குனிந்து பார்த்தாள். அவளும் மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

"பாருங்க மேடம்" என்றார் அப்பா. அலுப்பாகச் சொன்னார். "மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்துட்டா. இதைத்தான் சொன்னேன்."

இதையும் கெடுத்துவிட்டேன் என்று அவன் நினைத்தான். வெளியே வரலாம் என்றால் பிள்ளை வழியை அடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி உதட்டின் மேல் விரலை வைத்து, யாரும் பேச வேண்டாம் என்று காட்டினாள்.

குருவி அவன் காதிலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை என்றதும் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"மாமா, தள்ளு" என்றாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவள் இடுக்கில் புகுந்து, அவன் கையோடு தோளை ஒட்டிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா குந்தி உட்கார்ந்து உள்ளே கையை நீட்டினார். "வாம்மா. போகலாம்."

"அப்பா இரு" என்றாள் குருவி. சிதறிக் கிடந்த ஸ்ட்ராக்களில் ஒன்றை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. எடுத்து, "வரேன், வரேன். உள்ள இருக்கிற ஆளைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"மேடம்" என்றார். "வீட்லயும் இவ கட்டிலுக்கு அடியில போயிடுவா. நான் கையை விட்டா கடிப்பா. இங்க பாருங்க, தழும்புகூட இருந்தது." மணிக்கட்டைத் திருப்பித் தேடினார். தழும்பு கண்ணுக்குத் தெரியவில்லை. "அதனால நான் கையை விடறதையே நிறுத்திட்டேன். அவ அம்மாதான் வெளிய எடுப்பா." மணிக்கட்டை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "கடிக்கிறதை எப்ப விட்டான்னு எனக்குத் தெரியலையே."

அவர் குந்திய நிலையிலிருந்து மெல்ல அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கு வந்தது.

"இந்த மாசம் வரோம்" என்றார் கடைசியில். "அடுத்த மாசத்தைப் பத்தி அப்புறம் பாக்கலாம். லிஃப்ட்ல ஆள் மாட்டியிருக்கான், நான் போகணும்."

குருவி ஸ்ட்ராவைக் கையில் பிடித்துக்கொண்டே அப்பாவோடு போனாள். படியில் அவர் சாவிக் கொத்தின் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும், அவன் மேசைக்கு அடியிலேயே இருந்தான். வெளியே வந்தால் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"வா வெளிய. அவர் போயாச்சு."

வந்தான். ஸ்ட்ராக்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"அதை அப்புறம் பொறுக்கலாம்" என்றாள் அண்ணி. "பொட்டலத்தைச் சேத்து வெச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல. நானும் சேத்து வெக்கிறவதான். பாக்காமலே என் பிள்ளைங்களைக் குப்பைன்னு சொன்னே பாரு, அதுதான். விஷயம் தெரிஞ்சப்புறமும் ஒரு வாரம் சொல்லாம என் பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே."

அவன் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்க அவனிடம் இருந்ததெல்லாம் விளக்கங்கள்தான்.

"குருவி இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்திட்டா. மத்த பிள்ளைங்களுக்கு? நீ எல்லாத்துக்கும் மேசைக்கு அடியில போக முடியாது. பாதிப் பேரோட முத நாள் நீ உள்ளயே இல்ல." அண்ணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அவங்க வீட்டுக்கெல்லாம் சொல்லணும். அவங்களைக் கேட்டுத்தானே எடுத்தோம். அவங்க பிள்ளையோட படம் அது."

"நான் சொல்றேன் அண்ணி."

"நீதான் சொல்லணும்."

வெளியறைக்கு வந்து தொலைபேசியை எடுத்தான். பயிற்சி முடிந்து போய்விட்ட ஒரு பையனின் வீட்டு எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் பையனின் அம்மா எடுத்தாள். பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம்.

"வணக்கம்மா, பேச்சுப் பயிற்சி நிலையத்துலேர்ந்து பேசறேன். ஒண்ணுமில்ல, இங்க கம்ப்யூட்டர்ல பேக்கேஜ் ஃபைல்னு..."

"அது அவங்களுக்கு எதுக்கு?" என்றாள் அண்ணி உள்ளறையிலிருந்து.

அவன் நிறுத்தினான்.

"உங்க பையனோட முத நாள் வீடியோ எங்ககிட்ட இப்ப இல்லம்மா. என்னாலதான் போச்சு. திரும்பக் கிடைக்காது."

தட்டுகளின் சத்தம் நின்றது.

"எது, இறகை ஊதச் சொன்னா எடுத்து வாயில போட்டு மென்னானே, அதுவா?" அந்த அம்மா சிரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரம் ஓடி, அப்படியே அடங்கியது. "அவன் பெரியவனானதும் ஒரு நாள் கேட்டு வாங்கிக் காட்டணும்னு இருந்தோம், தம்பி."

அவன் வாயில் காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "அவன் இப்ப நல்லாப் பேசறான்னு உங்க அண்ணிகிட்ட சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் அதை உள்ளே பார்த்துச் சொன்னான். அண்ணி தரையில் உட்கார்ந்து ஸ்ட்ராக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த எண்ணை அழுத்தினான்.